இன்னும் திறக்காத ரோலர் கோஸ்டரைப் பற்றி ரசிகர்கள் இவ்வளவு கடுமையாக வாதிடுவது ஏன்?

ஒரு பூங்கா புதிய ரோலர் கோஸ்டரை அறிவித்த அன்றைக்கே, அடித்தளக் குழிகூடத் தோண்டப்படாத நிலையில், ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, ஒரு பக்கம் "பெரிய ஏமாற்றம்" என்றும் மறுபக்கம் "இதைவிடச் சிறந்தது வராது" என்றும் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். ஒருவரும் ஏறிப் பார்க்காத ஒன்றைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேச என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கட்சியிலும் இருந்திருக்கிறேன், இரண்டிலும் தவறாகப் பேசியிருக்கிறேன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன். பேசுவதற்கு நிறையவே இருக்கிறது. ஆனால் பெரும்பாலான சண்டை அதைப் பற்றி நடப்பதில்லை.

அறிவிப்பு ஏறக்குறைய எப்போதும் நான்கு எண்களாகத்தான் வருகிறது: உயரம், வேகம், நீளம், எத்தனை முறை தலைகீழாகச் சுழலும் என்ற கணக்கு. இதற்காகப் பூங்காக்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒரு பயணம் உடம்புக்கு எப்படி இருக்கும் என்பதை விளம்பரத்தில் அச்சடிக்க வழியில்லை. 139 மீட்டர் என்பதை அச்சடிக்கலாம். ரசிகர்களும் அந்த எண்களைக் கேட்டுக் கேட்டே பழகியவர்கள். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் சீடர் பாயிண்ட் பூங்கா 1989-இல் மேக்னம் எக்ஸ்எல்-200 என்ற கோஸ்டரை 62 மீட்டர் உயரத்தில் திறந்தது. அதே பூங்கா 2000-இல் மில்லேனியம் ஃபோர்ஸ் மூலம் 94 மீட்டருக்கும், 2003-இல் டாப் த்ரில் டிராக்ஸ்டர் மூலம் 128 மீட்டருக்கும் போனது. 2005-இல் நியூ ஜெர்சியில் உள்ள சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சரின் கிங்டா கா 139 மீட்டரைத் தொட்டது. பதினாறே ஆண்டுகளில் உயரம் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. 200 அடிக்கு மேல் ஹைப்பர், 300 அடிக்கு மேல் கிகா, 400 அடிக்கு மேல் ஸ்ட்ராட்டா என்று நூறடிக்கு ஒரு பட்டம் சூட்டிப் பழகியவர்களிடம் போய் "45 மீட்டர்" என்றால் முகம் சுளிக்காமல் என்ன செய்வார்கள்?

ஆனால் உயரம் தருவது நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. சங்கிலியால் மேலே இழுத்துச் சென்று அங்கிருந்து விட்டுவிடும் கோஸ்டரில், வேகம் இறக்கத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றியே கூடுகிறது. 50 மீட்டர் இறக்கத்தின் அடிவாரத்தில், உராய்வைக் கணக்கில் எடுக்காவிட்டால், மணிக்குச் சுமார் 113 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். அந்த இறக்கத்தை 100 மீட்டராக்கினால் கிடைப்பது சுமார் 159 கிலோமீட்டர்தான். உயரம் இரட்டித்தும் வேகம் ஒன்றரை மடங்கை எட்டவில்லை. அது மட்டுமல்ல, வேகம் கூடக் கூட வளைவுகளையும் மேடுகளையும் அகலமாக்கியே தீர வேண்டும், இல்லையென்றால் உடம்பு தாங்காது. அகலமாக்கிய வளைவில் அந்த வேகமே பாதி தெரியாமல் போய்விடுகிறது. அபுதாபியின் ஃபெராரி வேர்ல்டில் 2010 முதல் ஓடும் ஃபார்முலா ரோஸா 240 கிலோமீட்டர் வேகத்தை எட்டுகிறது, பயணிகள் காற்றுத் தடுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும் என்பதெல்லாம் உண்மையே. ஆனால் அந்த வேகத்தின் கதை பெரும்பாலும் புறப்பட்ட முதல் சில விநாடிகளின் கதைதான்.

இதற்கு நேர் எதிர்க் கோடியில் நிற்பது இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸில் 1994-இல் திறக்கப்பட்ட நெமிசிஸ். அங்கே மரங்களின் உச்சிக்கு மேல் எதையும் கட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு இருப்பதால், வடிவமைத்தவர்கள் மேலே போக முடியாமல் கீழே போனார்கள். பாறையை வெடிவைத்துப் பள்ளமாக்கி, அந்தப் பள்ளத்துக்குள் தண்டவாளத்தைச் சுருட்டி வைத்தார்கள். தரையிலிருந்து அதன் உயரம் வெறும் 13 மீட்டர். கால்கள் கீழே தொங்க, பாறைச் சுவர் பாதங்களுக்கு அருகே கடந்து போகும்போது 13 என்ற எண் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. 2022-இல் அதை மூடித் தண்டவாளத்தின் பெரும்பகுதியை மாற்றி 2024 மார்ச்சில் மீண்டும் திறந்தபோது, உயரத்தைக் கூட்டும்படி ஒருவரும் கேட்கவில்லை. பழைய பாதையிலிருந்து ஓர் அங்குலம்கூட மாறிவிடக் கூடாது என்பதுதான் எல்லோருடைய கவலையாகவும் இருந்தது. ஜெர்மனியின் ஃபான்டாசியாலாண்டில் 2016 முதல் ஓடும் டாரோனும் 30 மீட்டர் உயரம்தான். உலகின் மிகச் சிறந்த கோஸ்டர்களைப் பற்றிய பேச்சில் அதன் பெயர் வராமல் இருப்பது அபூர்வம்.

ரசிகர்கள் உண்மையில் தேடுவதை "ஏர்டைம்" என்ற ஒரே சொல்லில் அடக்கலாம், அதாவது உடம்பு இருக்கையை விட்டு எழும்பும் கணங்கள். ஒரு மேட்டின் உச்சியை ரயில் 72 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கிறது என்றும், அந்த உச்சியின் வளைவுக்கு ஆரம் சுமார் 41 மீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், அந்தக் கணத்தில் உங்கள் எடை பூஜ்யமாகிவிடும்; இருக்கையில் உட்கார்ந்திருப்பீர்கள், ஆனால் இருக்கையை அழுத்த மாட்டீர்கள். அதே வேகத்தில் ஆரத்தைக் குறைத்தால் மேடு உங்களைத் தூக்கி வெளியே எறியப் பார்க்கும், தொடை மேல் இருக்கும் கம்பிதான் பிடித்து வைக்கும். முதல் வகைக்கு மிதக்கும் ஏர்டைம் என்றும் இரண்டாவதற்கு எறியும் ஏர்டைம் என்றும் ரசிகர்கள் பெயர் வைத்து, எது உயர்ந்தது என்று தனியாக ஒரு சண்டை போடுவார்கள். (நான் இரண்டாவது கட்சி.) அறிவிப்பின் நான்கு எண்களில் ஒன்றிலும் இது தெரியாது.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. அறிவிப்பு வந்தவுடன் இடப்பக்கத்தில் ஒரு வரித் தீர்ப்பு எழுதுவேன், என்றாவது அதில் ஏற வாய்த்தால் வலப்பக்கத்தில் இன்னொரு வரி எழுதுவேன். முப்பது மீட்டரைச் சற்றே தாண்டிய ஒரு கோஸ்டரைப் பற்றி இடப்பக்கத்தில், "குழந்தைகளோடு போனால் ஏறலாம், இதற்காகவே போக வேண்டியதில்லை" என்று எழுதியிருந்தேன். ஏறியபோது முதல் இறக்கம் நான் எதிர்பார்த்தபடி சாதாரணமாகத்தான் இருந்தது. பக்கத்து இருக்கைக்காரரிடம் அதைச் சொல்லத் திரும்பினேன். அடுத்து வந்த மேடு ஓர் ஆள் உயரம்கூட இருக்காது. சொல்ல வந்த வாக்கியம் நடுவில் அறுந்தது. இரண்டு தொடையும் கம்பியில் மோதின, மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறிவிட்டது, அதைப் பிடிக்கக் கை உயர்ந்த நேரத்தில் இரண்டாவது மேடு வந்துவிட்டது. அன்று மூன்று முறை ஏறினேன். வலப்பக்கத்தில் "தவறு" என்ற ஒரே சொல்தான் இருக்கிறது.

அப்படியானால் அறிவிப்பைப் பார்த்து எதுவுமே சொல்ல முடியாதா என்றால், சொல்லலாம். எண்களை விட்டுவிட்டுப் பாதை வரைபடத்தைப் படிக்க வேண்டும். எந்த மேட்டின் உச்சி கூர்மையாக இருக்கிறது, ரயில் அதை வந்தடையும்போது வேகம் மிச்சமிருக்குமா, நடுவில் பிரேக் வைத்து ஓட்டத்தை அறுத்திருக்கிறார்களா, தோளை அழுத்தும் கவசமா அல்லது தொடைக் கம்பி மட்டுமா என்பவை வரைபடத்திலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். தயாரிப்பாளர் யார் என்பது இன்னும் பெரிய துப்பு. ராக்கி மவுண்டன் கன்ஸ்ட்ரக்‌ஷன் என்ற நிறுவனம் 2011-இல் டெக்சஸில் ஒரு பழைய மரக் கோஸ்டரின் சட்டகத்தை வைத்துக்கொண்டு, தண்டவாளத்தை மட்டும் எஃகாக்கி நியூ டெக்சஸ் ஜயன்ட் என்று திறந்தது. அதன் பிறகு அந்த நிறுவனத்தின் பெயர் அறிவிப்பில் வந்தாலே பாதி வாதம் முடிந்துவிடுகிறது. சீடர் பாயிண்டில் 1991 முதல் ஓடி, உலுக்கலுக்குப் பேர்போன மீன் ஸ்ட்ரீக்கை அதே முறையில் மாற்றி 2018-இல் ஸ்டீல் வெஞ்சன்ஸ் ஆக்கியபோது, உயரத்தோடு "27.2 விநாடி ஏர்டைம்" என்பதையும் விளம்பரத்தில் போட்டார்கள். ரசிகர்கள் எதைத் தேடுகிறார்கள் என்பதைப் பூங்காக்களும் புரிந்துகொண்டதற்கு இது ஓர் அடையாளம்.

அறிவிப்போடு வரும் அனிமேஷன் வீடியோவை மட்டும் நம்பாதீர்கள். அகல லென்ஸ் எந்த வேகத்தையும் இரட்டிப்பாகக் காட்டும். சில வீடியோக்களில் மேட்டின் உச்சியிலும் அடிவாரத்திலும் ரயில் ஒரே வேகத்தில் போகும், அது இயற்பியலுக்கே அடுக்காது.

யாரும் வாதிடாத, ஆனால் உங்கள் நாளைத் தீர்மானிக்கப் போகிற விஷயம் ஒன்று உண்டு: ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை ஏற்றி இறக்க முடியும் என்பது. ஒருமுறை நீண்ட வரிசையில் நின்றபோது வேறு வேலையில்லாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரயிலில் 24 இருக்கை. ஊழியர் ஒவ்வொரு கம்பியையும் அழுத்திப் பார்த்துக்கொண்டு வருகிறார். கடைசி வரிசையில் ஒருவர் தோள்பையை எங்கே வைப்பது என்று விழிக்கிறார். அதை வாங்கி எதிர்த் தட்டில் வைத்துவிட்டு முதல் கம்பியிலிருந்து மறுபடி சரிபார்க்கிறார்கள். இரண்டு புறப்பாடுகளுக்கு இடையே மூன்று நிமிடம் ஆனது. அப்படியென்றால் மணிக்கு 480 பேர். அதையே தொண்ணூறு விநாடிக்குக் கொண்டுவந்தால் 960 பேர், அதாவது இரண்டு மணி நேர வரிசை ஒரு மணி நேரமாகும். பைக்குத் தனி அலமாரி உண்டா, எத்தனை ரயில்கள் ஓடும், ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தனித்தனி மேடை இருக்கிறதா என்பவை உயரத்தைவிட முக்கியமான செய்திகள். அறிவிப்பில் இவற்றைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

இனி, சண்டை உண்மையில் எதைப் பற்றியது என்ற இடத்துக்கு வருகிறேன். மிகக் கசப்பான வாதங்களைக் கவனித்தால், அவை வரப்போவதைப் பற்றியவையாக இருப்பதில்லை. போகப்போவதைப் பற்றியவையாகவே இருக்கின்றன. டிஸ்னி தன் ஸ்பிளாஷ் மவுண்டன் என்ற நீர்ச் சவாரியின் கருவை மாற்றப்போவதாக 2020-இல் அறிவித்து 2024-இல் டியானாஸ் பாயூ அட்வென்ச்சர் என்று திறந்தபோது, நீர்ப்பாதையும் கடைசி இறக்கமும் அப்படியேதான் இருந்தன. ஆனாலும் வாதம் ஓயவில்லை. ஃப்ளோரிடாவின் மேஜிக் கிங்டம் பூங்காவில் 1970-களின் தொடக்கத்திலிருந்து இருந்த ஆற்றையும் நீராவிப் படகையும் தீவையும் 2025 ஜூலையில் மூடி, அந்த இடத்தைக் கார்கள் ஓடும் புதிய பகுதிக்குக் கொடுத்தபோது நடந்த சண்டையும் இதே வகைதான். ஆற்றங்கரையில் அமைதியாக உட்கார்ந்திருந்த நினைவுள்ளவரிடம் புதிய சவாரியின் வேகத்தை எடுத்துச் சொல்வது வேறு எதற்கோ பதில் சொல்வது போன்றது. இந்த வாதத்தில் நான் அவர்கள் பக்கம். ஒரு பூங்காவில் சும்மா இருக்கவும் இடம் வேண்டும்.

திறப்பு ஆண்டைப் பற்றிய வாதத்தில் அதிகம் நேரம் செலவிட வேண்டாம். சவூதி அரேபியாவின் ஃபால்கன்ஸ் ஃப்ளைட் 2019-இல் அறிவிக்கப்பட்டபோது 2023 என்றுதான் சொன்னார்கள். அந்த ஆண்டு திறக்கவில்லை. டாப் த்ரில் டிராக்ஸ்டரை மாற்றியமைத்த டாப் த்ரில் 2, 2024 மே மாதம் திறந்து, சில நாட்களிலேயே மூடப்பட்டு, அந்தப் பருவம் முழுவதும் ஓடாமலே நின்றது.

கிங்டா காவின் முடிவு வேறு விதமானது. 2024 நவம்பரில், அது கடைசியாக ஓடி முடித்த சில நாட்களுக்குப் பிறகுதான், இனி அது ஓடாது என்ற செய்தியையும் அந்த இடத்துக்குப் புதிய கோஸ்டர் வரும் என்ற அறிவிப்பையும் ஒன்றாக வெளியிட்டார்கள். கடைசியாக ஒருமுறை ஏறிவிட்டு வரலாம் என்று நினைத்தவர்களுக்கு அந்த வாய்ப்பே இல்லை. அதனால் புதிய கோஸ்டரைப் பற்றி எழுந்த வாதத்தில் பாதி இரங்கலாகவும் பாதி கோபமாகவும் இருந்ததில் எனக்கு வியப்பில்லை. 2025 பிப்ரவரி 28 அன்று அந்தக் கோபுரத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். என் நோட்டில் கிங்டா காவுக்கும் ஒரு பக்கம் உண்டு. வீடியோவை மட்டும் பார்த்துவிட்டு இடப்பக்கத்தில், "அரை நிமிடப் பயணத்துக்கு இவ்வளவு இரும்பா" என்று எழுதியிருக்கிறேன். வலப்பக்கம் இப்போதும் காலியாகவே இருக்கிறது.