ஸ்கேன் நார்மல், ஆனா மனுஷன் பழையபடி இல்லையே?

கேள்வி: டாக்டர், என் வீட்டுக்காரருக்கு 43 வயசு. எட்டு மாசம் முன்னாடி பாக்டீரியா மெனிஞ்சைட்டிஸ் (மூளையைச் சுத்தி இருக்கிற உறையில கிருமி தாக்குற நோய்) வந்து ஐசியூ வரைக்கும் போய் பொழைச்சு வந்தார். ஸ்கேன் நார்மல்னுட்டாங்க, வேலைக்கும் போறார். ஆனா ஒரே மெயிலை மூணு தடவை படிக்கிறார், நாலு பேர் சேர்ந்து பேசினா எழுந்து போயிடுறார், சாயங்காலமானா பசங்க மேல எரிஞ்சு விழறார். சோம்பேறித்தனம்னு வீட்ல பேச்சு. இது நோயா, குணமா?

பதில்: குணம் இல்லம்மா, முதல்ல அந்தப் பேச்சை நிறுத்தச் சொல்லுங்க. பாக்டீரியா மெனிஞ்சைட்டிஸ்ல தப்பிச்ச பெரியவங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தருக்கு இந்த மாதிரி பாதிப்பு தங்கிடுது. புத்தி போயிடறதில்ல, வேகம்தான் குறையுது. கணக்கு சரியாத்தான் போடுவார், ஆனா அதுக்கு ரெண்டு மடங்கு நேரமும் தெம்பும் செலவாகும், அப்படியே நாள் பூரா இழுத்துப் பிடிச்சு ஓட்டிட்டு வர்ற மனுஷன் சாயங்காலம் எரிஞ்சு விழாம என்ன செய்வார் சொல்லுங்க. எம்.ஆர்.ஐ.ல மூளையோட வடிவம்தான் தெரியும், வேகம் தெரியாது. அதுக்கு நியூரோசைக்காலஜி டெஸ்ட்னு, ஞாபகம், கவனம், யோசிக்கிற வேகம் எல்லாத்தையும் சோதிக்கிறது தனியா இருக்கு, நரம்பியல் டாக்டர்கிட்ட கேட்டு எடுங்க. ஆபீஸ்ல வேலை நேரத்தைக் குறைச்சுக் கேட்கவும் அந்த ரிப்போர்ட் கைகொடுக்கும்.

எனக்கு உறுத்துறது அந்த எழுந்து போற விஷயம்தான். காது டெஸ்ட் பண்ணீங்களா? இந்த நோய் உள்காதைத் தாக்கும், ஒரு காது மட்டும் மந்தமானா நேருக்கு நேர் பேசுறப்ப தெரியவே தெரியாது, கூட்டத்துலதான் மாட்டிக்குவாங்க, வீட்ல உள்ளவங்க மூட் அவுட்னு நினைச்சுக்குவாங்க. சிலருக்கு உள்காதுல எலும்பு வளர்ந்து அடைச்சுக்கும், அப்புறம் காக்ளியர் இம்பிளான்ட் (உள்காதுல ஆபரேஷன் பண்ணி வைக்கிற, காது கேட்க உதவுற கருவி) வைக்கிறதும் கஷ்டம், அதனால இந்த வாரமே போங்க (டிஸ்சார்ஜ் ஆனப்பவே பார்த்திருக்கணும்).

வலிப்பு மாத்திரை ஏதாவது ஓடுதான்னும் பாருங்க. லெவிடிரசெட்டாம் சிலருக்குக் கோபத்தைக் கிளப்பும், ஆனா நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர் மாத்திக் கொடுப்பார். மனச்சோர்வும் இதே மாதிரி மந்தத்தைக் கொண்டுவரும், அதுக்கு நல்ல வைத்தியம் இருக்கு. தூக்கம் போச்சு, எதுலயும் பிடிப்பில்ல, செத்தாத் தேவலைங்கிற மாதிரி பேச்சு வருதுன்னா ஒரு நாள் கூடத் தள்ளாம சைக்கியாட்ரிஸ்ட்டைப் பாருங்க.

எட்டு மாசம்தானே ஆகுது, இன்னும் தேறுறதுக்கு இடம் இருக்கு, கொஞ்சம் மந்தம் நிரந்தரமாவும் நிக்கலாம். இப்போதைக்கு ஒரு நேரத்துல ஒரு வேலை, கஷ்டமானதெல்லாம் காலையில, மத்தியானம் அரை மணி படுக்கை, பசங்க பள்ளிக்கூடப் பஞ்சாயத்தை ராத்திரி அவர்கிட்ட கொண்டு போகாதீங்க.