கார்பனைக் குறைத்தால் மின்சாரத்துக்குத் தட்டுப்பாடு வருமா?

மலேசியா போன்ற வளரும் நாடு நிலக்கரியை விட்டால் மின்சாரத்துக்கு என்ன செய்யும் என்று கேட்டிருக்கிறீர்கள். நிலக்கரியை நம்புவதுதான் ஆபத்து என்பேன். நமக்கு வேண்டியதில் பெரும்பகுதி இறக்குமதி. 2022 ஜனவரியில் இந்தோனேசியா நிலக்கரி ஏற்றுமதியைத் திடீரென்று நிறுத்தியது நினைவிருக்கும்.

அதற்கு ஒரு மாற்று நம் செம்பனை (பாமாயில்) ஆலைகளிலேயே இருக்கிறது. நான் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், தோட்டத்தில் வளர்ந்தவன். செம்பனை ஆலைப் பக்கம் போனாலே கழிவுநீர்க் குளத்தின் புளித்த வாடை அடிக்கும். காற்றுப் படாமல் கழிவு அழுகும்போது மீத்தேன் கிளம்புகிறது. 100 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கும். குளத்தை மூடி அந்த வாயுவைப் பிடித்து, சுத்தப்படுத்தி, எஞ்சினில் எரித்தால் மின்சாரம் கிடைக்கும். ஆலைகள் பழ நாரையும் கொட்டை ஓட்டையும் கொதிகலனில் எரித்துத் தங்கள் தேவையை ஏற்கெனவே பார்த்துக்கொள்கின்றன. அதனால் வாயுவில் வரும் மின்சாரத்தை வெளியே விற்கலாம். 2011ஆம் ஆண்டுப் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் நிர்ணய விலைக்கு விற்க வழி செய்தது.

சரி, பிறகு ஏன் எல்லா ஆலையிலும் இது இல்லை? பல ஆலைகள் மின்கம்பிக்கு வெகு தூரத்தில், தோட்டத்துக்குள்ளே இருக்கின்றன. கம்பி இழுக்கும் செலவை ஆலையே சுமந்தால் கட்டுப்படியாகாது. அதில் அரசு பங்கெடுக்கத்தான் வேண்டும்.