கோழிக் கறியில் பட்டையும் கிராம்பும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கோழிக் குழம்பில் பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ ஆகியவற்றைத் தாராளமாகச் சேர்க்கிறேன். அடுப்பில் இருக்கும்போது வீடே மணக்கிறது. உண்ணும்போதோ கசக்கிறது, நாக்கும் மரத்துப்போகிறது. தவறு எங்கே நேர்கிறது?

பதில்: 'தாராளமாக' என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நாக்கு மரத்துப்போவதற்குக் கிராம்பே காரணம். அதிலுள்ள யூஜெனால் என்னும் எண்ணெயைப் பல் மருத்துவர்கள் வலி தெரியாமல் இருக்கப் பயன்படுத்துகிறார்கள்; குழம்பில் அளவு மீறினால் நாவிலும் அது அதே வேலையைச் செய்துவிடும். ஒரு கிலோ கோழிக்கு 4 கிராம்பு, 5 ஏலக்காய், விரல் நீளப் பட்டை ஒன்று, அன்னாசிப்பூ ஒன்று போதும். அன்னாசிப்பூவைக் குழம்பு பாதி கொதித்ததும் எடுத்துவிடுவது என் வழக்கம். இல்லையெனில் மற்ற மணங்களை அது அமுக்கிவிடுகிறது.

கசப்பு பெரும்பாலும் கருகலால் வருவது. இவற்றின் மணம் தண்ணீரைவிட எண்ணெயில்தான் நன்றாகக் கரையும் என்பதால், முழுப் பொருள்களை மிதமான சூட்டில் எண்ணெயிலிட்டு, ஏலக்காய் உப்பியதும் வெங்காயத்தைச் சேர்த்துவிட வேண்டும். வெங்காயத்தின் ஈரம் சூட்டைத் தணித்து மேலும் கருகாமல் காக்கும். பொடியாகச் சேர்ப்பதாயின், அது காய்ந்த எண்ணெயில் நொடிகளில் தீய்ந்துவிடுமாகையால், தக்காளியோ தயிரோ சேர்த்து ஈரம் ஏறிய பிறகே தூவ வேண்டும்.

கேள்வி: இனிப்புப் பண்டங்களில் சேர்ப்பவை ஆயிற்றே, கறி தித்தித்துவிடாதா?

பதில்: தித்திக்காது, தித்திப்பதாகத் தோன்றக்கூடும். பட்டைக்கும் ஏலக்காய்க்கும் சர்க்கரை போன்ற சுவை இல்லை. இனிப்போடு சேர்த்தே முகர்ந்து பழகியதால், அந்த மணம் வந்ததும் மனம் இனிப்பை எதிர்பார்க்கிறது. அன்னாசிப்பூ மட்டும் விலக்கு. சோம்பிலும் உள்ள அனெத்தோல் என்னும் பொருள் உண்மையிலேயே நாவில் இனிக்கும். உப்பும் புளிப்பும் குறைந்த குழம்பில்தான் இந்த மயக்கம் மிகுதி. ஆகவே மணப்பொருளைக் குறைக்கும் முன் உப்பைச் சுவைத்துப் பாருங்கள். கறித் துண்டுகளில் அரை மணி நேரம் முன்பே உப்பைப் பிசறி வைத்து, இறக்கும்போது சிறிது எலுமிச்சைச் சாறு பிழிந்தால், அதே பட்டை பண்டத்தை நினைவூட்டாமல் கறியின் மணமாகவே நிற்கும். சர்க்கரை சேர்க்கவே வேண்டாம். பொன்னிறமாக வதங்கிய வெங்காயத்தின் இனிப்பே போதும்.

கேள்வி: இதற்குத் தொடைக்கறி நல்லதா, நெஞ்சுக்கறி நல்லதா?

பதில்: முழுப் பொருள்களின் மணம் மெல்ல இறங்க அரை மணி நேரமாவது வேண்டும். அதுவரை தாக்குப்பிடித்து மென்மையாவது எலும்போடு கூடிய தொடைக்கறிதான். நெஞ்சுக்கறியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்டியதும் இறக்கிவிட வேண்டும், தாமதித்தால் நார்நாராகிவிடும். அதற்குப் பொடியே பொருத்தம்.

கேள்வி: சாதிக்காயை எப்போது சேர்ப்பது?

பதில்: அடுப்பை அணைத்த பிறகு, இரண்டு இழுப்பு மட்டும் துருவிப் போட்டு மூடி வையுங்கள். முன்கூட்டிச் சேர்த்துக் கொதிக்கவிட்டால் அதன் மென்மணம் ஆவியோடு போய்விடும்.