ஒரே பெயரில் வேறு மென்பொருள்: கேள்வி-பதில்

கேள்வி: ஜாவாஸ்கிரிப்ட் திட்டத்துக்காக ‘யார்ன்’ கட்டளையைக் கொடுத்தேன். ‘யார்ன்’ இல்லை, ‘சிஎம்டிடெஸ்ட்’ நிறுவலாம் என்று உபுண்டு லினக்ஸின் டெர்மினலே சொன்னது. நிறுவினேன். இப்போது எதைக் கொடுத்தாலும் ‘சினாரியோ எதுவும் இல்லை, ஒன்றாவது வேண்டும்’ என்று பிழை. திட்டத்துக்குத் தேவையானவற்றைப் பட்டியலிடும் பேக்கேஜ் ஜேசன் கோப்பில் தவறா?

பதில்: கோப்பைத் தொடாதீர்கள். சிஎம்டிடெஸ்ட் என்பது கமாண்ட் லைன் நிரல்களைச் சோதிக்கும் கருவி. அதற்குள்ளும் ‘யார்ன்’ என்றொரு கட்டளை உண்டு. அதுதான் சினாரியோவை, அதாவது சோதனைக்கான படிகளை எழுதிய கோப்பைக் கேட்கிறது. உங்களுக்கு வேண்டியது 2016-ல் ஃபேஸ்புக் வெளியிட்ட ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் மேனேஜர்; திட்டத்துக்கு வேண்டிய நிரல் தொகுப்புகளை இறக்கி நிறுவுவது அதன் வேலை. சிஎம்டிடெஸ்டை உபுண்டுவின் நிறுவல் கருவியான ஆப்ட் மூலம் நீக்கிவிட்டு, இன்னொரு ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் மேனேஜரான என்பிஎம் வழியாக யார்னை குளோபலாக நிறுவுங்கள். அப்புறம் ‘அப்படியொரு கோப்பு இல்லை’ என்று வந்தால், டெர்மினலில் கட்டளைகளை இயக்கும் பேஷ், நீக்கிய நிரலின் பழைய பாதையையே நினைவில் வைத்திருக்கிறது. டெர்மினலை மூடித் திறந்தால் சரியாகும். உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியன் லினக்ஸின் மென்பொருள் களஞ்சியத்தில் இதே மேனேஜரின் பெயர் ‘யார்ன்பிகேஜி’. இணையத்தில் தேடும்போது குறுக்கே வரும் ஹடூப் யார்ன் மூன்றாவது ஆள். கிளஸ்டரில், அதாவது சேர்ந்து இயங்கும் பல கணினிகளில், மெமரியையும் சிபியுவையும் பங்கிடுவது அதன் வேலை.

கேள்வி: ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகை அனுப்பும் தரவைப் பைத்தானில் படிக்க, பைத்தானின் நிறுவல் கருவியான பிப்பில் ‘சீரியல்’ நிறுவினேன். இம்போர்ட் ஆகிறது. ஆனால் ‘சீரியல்’ மாட்யூலில் ‘சீரியல்’ ஆட்ரிப்யூட் இல்லை என்கிறது.

பதில்: நீங்கள் நிறுவியது ஜேசன், எக்ஸ்எம்எல் போன்ற வடிவங்களுக்குத் தரவை மாற்றும் லைப்ரரி. ஆர்டுயினோ இணைந்திருக்கும் போர்ட்டைத் திறப்பது ‘பைசீரியல்’. வம்பு என்னவென்றால், இம்போர்ட் செய்யும் பெயர் இரண்டுக்கும் ஒன்றே. ஒரே ஃபோல்டரில்தான் இரண்டும் போய் உட்காரும். பைசீரியலையும் ஏற்கெனவே போட்டிருந்தால், ஒன்றை நீக்கும்போது மற்றதன் கோப்பும் சேர்ந்து போய்விடும். அதனால் இரண்டையும் நீக்கிவிட்டு, பைசீரியலை மட்டும் புதிதாக நிறுவுங்கள். அப்படியும் அதே பிழையா? உங்கள் நிரலுக்கே ‘சீரியல்.பிஒய்’ என்று பெயர் வைத்திருக்கிறீர்களா, பாருங்கள். நிரல் இருக்கும் ஃபோல்டரைத்தான் பைத்தான் முதலில் துழாவும்.

கேள்வி: யாமல் என்ற தரவு வடிவத்தில் உள்ள கோப்புகளைப் படிக்க ‘ஒய்க்யூ’ பயன்படுத்துகிறோம். ஒரே ‘ஒய்க்யூ’ கட்டளை சக ஊழியருக்கு யாமல் தருகிறது, எனக்கு ஜேசன் தருகிறது. ஏன்?

பதில்: ஒய்க்யூ இரண்டு உண்டு. அவரிடம் இருப்பது கோ மொழியில் தனியாக எழுதியது. உங்களுடையது, ஜேசனைப் படிக்கும் கருவியான ஜேக்யூவைச் சுற்றிய பைத்தான் உறை. ‘-ஒய்’ சேர்த்தால்தான் யாமலாகத் தரும். வெர்ஷன் கேட்டால் கோ பதிப்பு தன் கிட்ஹப் முகவரியையும் சேர்த்துச் சொல்லும். பொது ஸ்கிரிப்ட் என்றால் தொடக்கத்திலேயே இதைச் சரிபார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: ஜாவா தெரிந்தவருக்கு ஜாவாஸ்கிரிப்ட் பாதி தெரிந்த மாதிரிதானே?

பதில்: கால்வாசிகூட இல்லை. நெட்ஸ்கேப் பிரவுசரில் ‘லைவ்ஸ்கிரிப்ட்’ என்று இருந்ததற்கு, சன் நிறுவனத்தின் ஜாவாவுக்கு அப்போதிருந்த மவுசைப் பார்த்து 1995 டிசம்பரில் பெயர் மாற்றினார்கள். அடைப்புக்குறிகளும் ‘இஃப்’, ‘ஃபார்’ போன்ற சொற்களும் ஒத்துவரும். டைப், ‘திஸ்’, இன்ஹெரிட்டன்ஸ் மூன்றையும் முதலிலிருந்தே படியுங்கள்.