குதிரைப் பந்தயத்தில் பரிசுப் பணத்தைக் கூட்டினால் அதிகக் குதிரைகள் ஓட வருமா?

பெரிய பரிசு வைத்த ரேஸில் நாலைந்து குதிரைதான் ஓடுகிறது, சில்லறைப் பரிசு வைத்த ரேஸில் பன்னிரண்டு ஓடுகிறது, இது என்ன கணக்கு என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து சொல்கிறேன். இங்கிலாந்தில் ஒரு ரேஸ் குதிரையில் நான் இருபதில் ஒரு பங்குக்காரன். "வால் மட்டும் உங்களுடையது" என்பாள் என் மனைவி.

முதலில் செலவு. பிரிட்டனில் ஒரு குதிரையைப் பயிற்சியாளரிடம் விட்டு வைத்தால் லாயம், தீனி, லாடம், மருத்துவர், வண்டி எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 20,000 பவுண்டுக்கு மேல் ஆகும். எங்கள் குதிரை ஓடுவது அடிமட்டத்தை ஒட்டிய ஆறாம் வகுப்பு ஹேண்டிகேப்பில். ஹேண்டிகேப் என்றால் திறமைக்கு ஏற்ப எடையைக் கூட்டிக் குறைத்து எல்லோரையும் சமமாக்கி ஓட விடுவது. அந்த வகுப்பில் ஜெயித்தால் கிடைப்பது 3,000 பவுண்டு வாக்கில். வருடத்துக்கு ஏழு தடவை ஜெயித்தால்தான் கட்டுப்படியாகும். ஏழு தடவை ஜெயிக்கிற குதிரை ஆறாம் வகுப்பில் ஏன் இருக்கப் போகிறது?

போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, வுல்வர்ஹாம்ப்டன் மைதானம், எங்கள் குதிரை ஓட வேண்டிய நாள். விளக்கு வெளிச்சத்தில் ஓட்டம், தடத்தில் மணலும் மெழுகும் கலந்த செயற்கைத் தரை. பட்டியலில் எட்டுக் குதிரை இருந்தது. மதியம் ஒரு பயிற்சியாளர் தன் குதிரைக்கு இருமல் என்று விலக்கிக்கொண்டார். ஏழு ஆயிற்று. என் பக்கத்தில் நின்றிருந்த பெரியவர் கையிலிருந்த பந்தயத் தாளை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துவிட்டு, "இந்த ரேஸுக்கு நான் டீ குடிக்கப் போகிறேன்" என்று நகர்ந்தார்.

ஒரு குதிரை குறைந்ததற்கா என்று எனக்கு அப்போது புரியவில்லை. விஷயம் இதுதான். அங்கே புக்கியிடம் பாதிப் பணத்தை வெற்றிக்கும் மீதியை 'பிளேஸ்' வருவதற்கும் சேர்த்துக் கட்டுவது பெரிய பழக்கம். ஈச் வே என்பார்கள். வழக்கமான விதிப்படி ஐந்து முதல் ஏழு குதிரை ஓடினால் முதல் இரண்டு இடத்துக்குத்தான் பிளேஸ் பணம். எட்டு ஓடினால் மூன்று இடம். பதினாறோ அதற்கு மேலோ ஓடுகிற ஹேண்டிகேப்பில் நான்கு. ஐந்துக்கும் கீழே போனால் வெற்றிக்கு மட்டும்தான் கட்டலாம். ஆக எட்டு ஏழானால் ஒரு குதிரை மட்டும் போவதில்லை, மூன்றாவது இடமே காணாமல் போகிறது. பெரியவரின் டீ அங்கிருந்து வந்தது.

இப்போது பரிசுப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். குதிரைச் சொந்தக்காரர்கள் கட்டும் நுழைவுக் கட்டணம் ஒரு பகுதி, ரேஸ்கோர்ஸ் போடுவது ஒரு பகுதி, லெவி என்ற வரி ஒரு பகுதி. 1961-ல் பிரிட்டன் தெருமுனை பந்தயக் கடைகளுக்கு அனுமதி கொடுத்தபோது, புக்கிகள் சம்பாதிப்பதில் ஒரு பங்கு ரேஸுக்குத் திரும்ப வரட்டும் என்று ஒரு லெவி வாரியம் அமைத்தார்கள். இன்றைக்கு அது பிரிட்டிஷ் ரேஸ்களில் புக்கிக்குக் கிடைக்கும் மொத்த லாபத்தில் 10 சதவீதம். ஒரு குறைந்தபட்ச வரம்பைத் தாண்டிய லாபத்துக்கு மட்டும். 2017-லிருந்து வெளிநாட்டில் உட்கார்ந்து ஆன்லைனில் நடத்துகிறவர்களும் கட்ட வேண்டும். வருடத்துக்கு 100 மில்லியன் பவுண்டுக்குச் சற்று மேல் தேறுகிறது.

குதிரை குறைந்தால் கட்டுகிறவர் டீ குடிக்கப் போவார், லெவி குறையும், பரிசு குறையும், சொந்தக்காரர் குதிரையை விற்பார், இன்னும் குதிரை குறையும். பல ரேஸ் நாடுகள் இந்தச் செக்கைத்தான் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

ஆனால் என் கருத்தில் பிரிட்டனின் முதல் நோய் பரிசுப் பஞ்சம்கூட இல்லை, ரேஸ்கள் ரொம்ப அதிகம் என்பதுதான். 59 ரேஸ்கோர்ஸ். வருடத்துக்குச் சுமார் 1,450 நாள் ரேஸ் (ஒரே நாளில் நாலைந்து ஊரில் நடப்பதால் இந்த எண்). மொத்தம் 10,000 ஓட்டம் பக்கம். குதிரைகளோ எந்த நேரத்திலும் 14,000 வாக்கில்தான் பயிற்சியில் இருக்கும், அவற்றிலும் நொண்டுவது, ஓய்வில் இருப்பது போக மீதி. இட்லி மாவு அதே அளவு, ஊற்ற வேண்டிய குழிகள் இரண்டு மடங்கு. ஆனாலும் குழியைக் குறைக்க யாருக்கும் மனம் வராது. ஒவ்வொரு ஓட்டத்தையும் பந்தயக் கடைகளுக்கும் ஆன்லைனுக்கும் படமாக விற்று ரேஸ்கோர்ஸ்கள் காசு பார்க்கின்றன. மூணு குதிரை ஓடினாலும் அது ஒரு ஓட்டம். 2024-ல் வருடத்துக்கு 170 நாளைப் பிரீமியர் என்று பிரித்துப் பரிசைக் கூட்டினார்கள், தடை தாண்டும் ஓட்டங்களில் 300-ஐக் குறைத்தார்கள். நல்ல ஆரம்பம்தான், அளவுதான் போதாது.

ஹாங்காங்கை எடுத்துக்கொண்டால் கணக்கு நேர்மாறு. ஒரே கிளப், இரண்டே மைதானம், வாரத்துக்கு இரண்டு நாள், 1,200 குதிரைக்குச் சற்று மேல். குதிரை வைத்துக்கொள்ளும் அனுமதியையே குலுக்கல் போட்டுத்தான் தருகிறார்கள். அங்கே கடைசி வகுப்பான ஐந்தாம் வகுப்பு ரேஸுக்கே மொத்தப் பரிசு எட்டு லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல், அதாவது 80,000 பவுண்டு பக்கம். எங்கள் வுல்வர்ஹாம்ப்டன் ரேஸில் மொத்தமே ஆறாயிரம் வாக்கில். அங்கே புக்கி கிடையாது, எல்லாப் பணமும் கிளப் நடத்தும் 'டோட்' என்ற பொதுக் குளத்துக்குள் போய், கிளப் தன் பிடித்தத்தை எடுத்துக்கொண்டு மீதியை ஜெயித்தவர்களுக்குப் பிரித்துத் தருகிறது. அதனால் நிறையக் குதிரை ஓடுவதில் கிளப்புக்கு நேரடி லாபம். அங்குள்ள ஷா டின் மைதானத்தில் 14 குதிரை வரை ஓடும். முதல் மூன்று குதிரைகளை வரிசை பார்க்காமல் சொல்லும் 'ட்ரையோ' பந்தயத்தில் 14 ஓடினால் 364 விதம், ஐந்து ஓடினால் பத்தே விதம். பத்து விதத்தில் யார் மண்டையை உடைத்துக்கொள்வார்?

சரி, பெரிய பரிசுக்கு வருவோம். 2012-ல் குட்வுட்டில் சசெக்ஸ் ஸ்டேக்ஸ். பிரிட்டனின் பெரிய ரேஸ்களில் ஒன்று. ஓடியவை நான்கே குதிரை. ஏனென்றால் அதில் ஒன்று ஃப்ராங்கல், 14 ஓட்டத்தில் ஒன்றுகூடத் தோற்காத குதிரை. அன்றைக்கு அதன் விலை 1/20, ஒரு பவுண்டு ஜெயிக்க இருபது கட்ட வேண்டும். திறமைக்கு ஏற்ப எடையைக் கூட்டிக் குறைக்காத இந்த மாதிரி ரேஸில் பரிசை எவ்வளவு கூட்டினாலும் தோற்பதற்கு யாரும் வண்டி கட்டி வர மாட்டார்கள். அதே பணத்தை ஹேண்டிகேப்பில் போட்டால் குதிரை குவியும். அங்கே எல்லோருக்கும் ஒரு நப்பாசை இருக்கும்.

சொந்தக்காரர்களிடமே பணம் வாங்கிப் பரிசு கட்டியும் பார்த்தார்கள். 2017-ல் ஃப்ளோரிடாவில் பெகாசஸ் உலகக் கோப்பை. பன்னிரண்டு இடம், இடத்துக்கு பத்து லட்சம் டாலர், பரிசு 12 மில்லியன். கேட்க அழகாக இருந்தது. 2020-க்குள் கட்டணத்தையே எடுத்துவிட்டார்கள், பரிசு 3 மில்லியனுக்கு இறங்கிவிட்டது. ஆஸ்திரேலியாவின் 'எவரெஸ்ட்' என்ற ரேஸும் பன்னிரண்டு இடங்களை விற்றுத்தான் அதே வருடம் தொடங்கியது, அது இன்றும் ஓஹோ என்று நடக்கிறது. அங்கே ரேஸ் என்றால் ஊரே கட்டுகிறது, அது ஒரு காரணம்.

நம் நாட்டுக்கு ஒரு வார்த்தை. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது கிளப்பின் கமிஷனுக்கு மட்டும் இல்லாமல் கட்டிய முழுத் தொகைக்கும் 28 சதவீதம் என்றார்கள். வழக்குகள் நடந்தன, 2023-ல் சட்டத்தைத் திருத்தி முழுத் தொகை என்பதை உறுதி செய்தார்கள், 2025 செப்டம்பரில் அது 40 சதவீதம் ஆயிற்று. வரி கட்டாத கள்ள புக்கி பக்கத்துத் தெருவிலேயே இருக்கும்போது டோட் கவுன்டரில் எவன் நிற்பான்? டோட்டில் பணம் இல்லையென்றால் பரிசுப் பணம் எங்கிருந்து வரும்?

எங்கள் குதிரை அன்றைக்கு ஏழில் நான்காவதாக வந்தது. பரிசு 350 பவுண்டு. ஜாக்கியின் கட்டணமே 150-க்கு மேல். அதைக் கழிக்காமலே, பரிசில் மற்றப் பிடித்தம் போக என் பங்குக்குப் பதினாலு பவுண்டு சொச்சம், மைதானத்தில் சாப்பிட்ட மீனும் சிப்ஸும் அதைவிட அதிகம்.

அடுத்த வாரம் பயிற்சியாளர் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கேட்டார். நியூகாஸிலில் ஒரு ரேஸ், பரிசு ஆயிரம் பவுண்டு அதிகம், பன்னிரண்டு குதிரை பதிவாகியிருக்கிறது. சவுத்வெல்லில் ஒன்று, பரிசு குறைவு, ஐந்துதான் பதிவு. எது வேண்டும்? ஓடுகிற குதிரை குறைந்துவிட்டது என்று மாதக்கணக்கில் புலம்பிக்கொண்டிருந்த நாங்கள் இருபது பேரும் பத்து நிமிடத்துக்குள் பதில் போட்டோம்: சவுத்வெல்.