ராணுவத்தில் ஓய்வு பெறும்போது வரும் பணத்தைச் சென்னையில் வீட்டில் போடுவதா, பிள்ளைகள் படிப்புக்கு வைப்பதா?

நீங்கள் இன்னும் ராணுவத்தை விட்டு வெளியே வரவில்லை என்று நினைக்கிறேன். நாற்பது சொச்சம் வயது, மூத்தது பத்தோ பன்னிரண்டோ படிக்கும், சொந்தத்தில் யாராவது ஒருவர் மனை பார்த்து வைத்திருப்பார். எல்லோர் கதையும் அதுதான். நான் ஆபீசருக்குக் கீழே, ஹவில்தார் ரேங்கில் ஓய்வு பெற்று வந்தவன், அந்தக் கணக்கில்தான் சொல்கிறேன். ஆபீசர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

முதலில் படிப்பு, அப்புறம் வீடு. வாடகை வீட்டில் காலம் தள்ளலாம், காலேஜ் ஃபீஸுக்குத் தவணை சொல்ல முடியாது. நமக்குப் படிப்புக்கென்று கிடைப்பதெல்லாம் ஃபீஸ் கட்டி முடித்த பிறகு வருகிற பணம். பிரதமர் ஸ்காலர்ஷிப் பெண்ணுக்கு மாதம் 3,000 ரூபாய், பையனுக்கு 2,500. மாதம் என்று பெயர்தான், வருஷத்துக்கு ஒருமுறைதான் கணக்கில் விழும். தொழிற்படிப்பாக இருக்க வேண்டும், பிளஸ் டூவில் 60 சதவீதம் வேண்டும், முதலாண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் ஞாபகம் வந்தால் ஒன்றும் நடக்காது. ஹவில்தார் வரைக்கும் ரக்ஷா மந்திரி (பாதுகாப்பு அமைச்சர்) நிதியில் இரண்டு பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டு. தலைக்கு மாதம் 1,000 என்றிருந்தது 2025 நவம்பரிலிருந்து 2,000 ஆகியிருக்கிறது. அதற்கும் பிள்ளை வகுப்பு தேறிய பிறகுதான் மனு.

எனக்கு கமுட்டேஷன், கிராஜுவிட்டி, ஃபண்ட், குரூப் இன்சூரன்ஸ் எல்லாம் வந்து விழுந்ததும் மைத்துனர் பட்டாபிராம் தாண்டி ஒரு மனையைக் காட்டினார். மறுத்துவிட்டேன். கமுட்டேஷன் என்பது நம் பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே வாங்கிக்கொள்வது. 15 வருஷம் கழித்துத்தான் பென்ஷன் முழுசாகும். அதை யாரும் போனஸ் என்று நினைக்க வேண்டாம். நங்கநல்லூரில் வாடகைக்குப் போனோம். "இத்தனை வருஷம் மிலிட்டரியில் இருந்துட்டு வாடகை வீடா?" என்று கேட்காத ஆள் இல்லை. கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மகள் பிளஸ் டூ முடித்தாள். பொறியியல் கலந்தாய்வில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு 150 இடம் உண்டு. போரில் இறந்தவர்கள், ஊனமுற்றவர்கள் குடும்பத்துக்கு முதலிடம், நம் முறை அதற்குப் பிறகு. அதற்கு முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் சான்றிதழ் வாங்க வேண்டும். டிஸ்சார்ஜ் புக்கில், அதாவது ஓய்வின்போது கொடுக்கும் சர்வீஸ் விவரப் புத்தகத்தில், மகள் பெயரோடு என் பெயரும் முழுசாக ஒட்டிக்கொண்டிருந்தது. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் மட்டும். போதாததற்கு இங்கிலீஷ் எழுத்து ஒன்று கூடுதல். கவுன்டரில் இருந்தவர் ஸ்கேலை அடியில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டார். நல்லவேளை, யூனிட்டை விட்டுக் கிளம்பும் முன்பே பார்ட் டூ ஆர்டர் (குடும்ப விவர மாற்றங்களை யூனிட் பதிவு செய்யும் உத்தரவு) போட்டுத் திருத்தி வாங்கியிருந்தேன். எங்கள் சுபேதார் சாப் விரட்டி விரட்டிப் போட வைத்தார். நகலை நீட்டியதும் சீல் விழுந்தது. பக்கத்தில் நின்றவரிடம் அது இல்லை. அஃபிடவிட், ராணுவ ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்குக் கடிதம் என்று அவரை அனுப்பிவிட்டார்கள். யூனிட்டில் கிளார்க்கிடம் சொன்னால் முடிகிற வேலை, வெளியே வந்த பின் தபாலில் அலையும். அதனால் பெயர், பிறந்த தேதி இரண்டையும் இப்போதே சரிபாருங்கள்.

மகளுக்கு குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. "கோட்டாதானே" என்பவர்களுக்கு ஒன்று: பதான்கோட்டில் இந்தி, ஜோத்பூரில் வேறு ஆசிரியர், நடுவருஷத்தில் டிரான்ஸ்ஃபர் என்று படித்த பிள்ளை அவள். உங்கள் பிள்ளை ஒரே ஸ்கூலில், ஒரே டியூஷனில் படித்தது.

சொல்ல வந்ததை விட்டு எங்கோ போகிறேன், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வீடு பார்க்கப் போன இடத்தில் ஓனர் மாமா அட்வான்ஸாகப் பத்து மாத வாடகை கேட்டார். வாடகைச் சட்டம் 2019-லேயே அமலுக்கு வந்துவிட்டது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் மூன்று மாதம்தான் என்றேன். அவர் அதற்குப் பதிலே சொல்லாமல், "கேன்டீன் கோட்டா எவ்வளவு சார், நமக்கு மாசம் ரெண்டு பாட்டில் கிடைக்குமா?" என்றார். இருபத்து சொச்சம் வருஷ சர்வீஸில் இந்த ஊருக்கு ஞாபகம் இருப்பது ராணுவ கேன்டீனில் கிடைக்கும் அந்த மது பாட்டில்தான். கல்யாண வீட்டிலும் அதே கேள்வி, பஸ் ஸ்டாப்பிலும் அதே கேள்வி. நான் குடிப்பதில்லை என்றால் நம்புவதும் இல்லை.

சரி, வீடு. மகள் மூன்றாம் ஆண்டு போன பிறகு, பென்ஷனைக் காட்டி வங்கிக் கடன் வாங்கி, மாங்காட்டில் சின்னதாக ஒரு ஃபிளாட் எடுத்தோம். ராணுவ வீட்டுவசதி அமைப்பிலும் பதியலாம், ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு. சாலிகிராமத்தில் மேஜர் பரமேஸ்வரன் பெயரில் இருக்கிற குடியிருப்பு அவர்கள் கட்டியதுதான். ஆனால் திட்டம் வரும்வரை காத்திருக்கிற பொறுமை வேண்டும்.

நல அலுவலகத்துக்குப் போகும்போது பிபிஓ (பென்ஷன் வழங்கும் உத்தரவு), டிஸ்சார்ஜ் புக், முன்னாள் படைவீரர் அடையாள அட்டை மூன்றையும் அசலோடு கொண்டுபோங்கள். ஜெராக்ஸை வீட்டுப் பக்கத்திலேயே எடுத்துவிடுங்கள், அங்கே கடையில் வரிசை நிற்கும்.