வயிறு சரியில்லை என்று ஏன் சொன்னீர்கள்?

கேள்வி: காரைதீவுக்குப் பக்கத்தில் ஓர் அரச அலுவலகத்தில் வேலை செய்கிறேன். நாங்கள் குடும்பமாகச் சபைக்குப் போகத் தொடங்கி ஐந்து வருடம். அப்பா குடியை விட்டது அதற்குப் பிறகுதான். எனக்குக் கீழே வேலை செய்கிற ஒரு தோழி கண்ணகை அம்மனில் உயிரையே வைத்திருப்பவள். வைகாசியில் அம்மனுக்குச் செய்யும் குளிர்த்திச் சடங்குக்கு வீட்டுக்குக் கூப்பிட்டாள். படைத்த புக்கையை (பொங்கலை) தந்தபோது "வயிறு சரியில்லை" என்று சமாளித்துவிட்டு வந்தேன். தினமும் காலையில் அவளுக்கு வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்புவேன். இப்போது பதிலே இல்லை. சாட்சி சொல்லாவிட்டால் கடவுளுக்குக் கணக்குக் கொடுக்கவேண்டும் என்கிறார் பாஸ்டர். "சும்மா இரு" என்கிறான் தம்பி. என் விசுவாசத்தை அவளுக்கு எப்படித்தான் சொல்வது?

பதில்: தங்கச்சி, சொல்லவேண்டிய நேரம் தானாக வந்தது. நீங்கள்தான் வயிற்றைச் சாட்டிவிட்டு வந்துவிட்டீர்கள்.

அந்த இடத்தை அவர் பக்கத்தில் நின்று பாருங்கள். விடியற்காலை எழும்பிப் பொங்கி, அம்மனுக்குப் படைத்து, முதல் இலையை உங்களுக்குத் தருகிறார். நீங்கள் வயிறு சரியில்லை என்கிறீர்கள். ஐந்து நிமிடத்தில் அதே வீட்டில் தேத்தண்ணியும் குடித்திருப்பீர்கள். ஊர்ப்பெண்ணுக்கு இது விளங்காதா? அடுத்த நாள் காலை போனில் வசனம் வருகிறது. நேரில் சொல்லாததைப் போனில் குத்திக்காட்டுவதாகத்தானே அவர் எடுத்திருப்பார்?

படைத்ததைச் சாப்பிடலாமா என்பது பழைய கேள்வி. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் 8ஆம், 10ஆம் அதிகாரங்களில் இதைப் பற்றித்தான் பேசுகிறார். மட்டக்களப்பில் அந்தப் புக்கையை வாங்கிச் சாப்பிடுகிற வேதக்காரரையும் எனக்குத் தெரியும், தொடாதவர்களையும் தெரியும். உங்கள் மனச்சாட்சி இடம்கொடுக்காவிட்டால் சாப்பிடவேண்டாம். ஆனால் காரணத்தைச் சொல்லுங்கள்: "நீங்க தாறது எனக்குச் சந்தோசம். படைச்சதைச் சாப்பிடுறதில்லை எண்டு நான் ஒரு முடிவில இருக்கிறன். உங்களையோ அம்மனையோ குறைவா நினைச்சு இல்லை." அவர் "ஏன்?" என்று கேட்பார். பேதுருவின் முதலாம் நிருபம் 3:15 சொல்வதும் இதைத்தான்: விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று. கேட்காதவருக்குத் தினமும் ஆறு மணிக்கு அனுப்பச் சொல்லவில்லை. பாஸ்டரிடமும் இந்த வசனத்தைக் காட்டலாம்.

கேட்டால் என்ன சொல்வது? சபைப் பேச்சை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். "இரட்சிக்கப்பட்டேன்", "அபிஷேகம்" எல்லாம் அவர் காதுக்கு வேறு ஊர்ப் பாஷை. அப்பாவின் கதையைச் சொல்லுங்கள். சாராயம் குடித்துவிட்டு ஒழுங்கையில் விழுந்து கிடந்தவர், இப்போது பின்னேரம் வீட்டில் இருக்கிறார். இடையில் ஒருதரம் மறுபடி குடித்திருந்தால் அதையும் மறைக்கவேண்டாம். "இது இயேசு செய்தது எண்டு நாங்க நம்புறம்" என்று சொல்லி நிறுத்துங்கள். "விக்கிரகம்", "இருள்" என்ற சொற்கள் வாயில் வரவே கூடாது.

அப்புறம் நீங்களும் கேளுங்கள். குளிர்த்தி என்றால் என்ன, மதுரையை எரித்துவிட்டு வந்தவளின் கோபத்தை ஏன் குளிரவைக்கிறார்கள், இவருக்கு அம்மனிடம் என்ன நேர்த்தி? இடையில் புகுந்து திருத்தாமல் கேட்கவேண்டும். இதுதான் கஷ்டம்.

கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது. அவர் உங்களுக்குக் கீழே வேலை செய்கிறார். லீவுக்குக் கையெழுத்து வைக்கிறவர் அனுப்பும் வசனத்தை "வேண்டாம்" என்று எப்படிச் சொல்வார்? பேசாமல் இருப்பது ஒன்றுதான் அவருக்கு முடிந்த பதில். விரும்பிய மதத்தைக் கொண்டிருக்கவும் ஏற்கவும் இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை எல்லாருக்கும் சுதந்திரம் தருகிறது. அது உங்களுக்கு இருப்பதுபோல அவருக்கும் இருக்கிறது.

நான் மெதடிஸ்த வீட்டுப் பிள்ளை. 2004 சுனாமிக்குப் பிறகு நாங்கள் இருந்த முகாமுக்குப் பால்மாப் பை வந்தது. உள்ளே ஒரு துண்டுப்பிரசுரம். பக்கத்துப் பாயில் இருந்த சைவ அம்மா அதை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த அடுப்புக்கல்லுக்குக் கீழே வைத்தார். என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டார். உண்மையில் வெட்கப்பட்டது நான்தான். அந்தத் துண்டுப்பிரசுரத்தை வைத்தவர்கள் 1892இல் இங்கே காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரை நினைத்திருக்கலாம். கல்முனையில் மெதடிஸ்தப் பள்ளிக்கூடத்திலும் மட்டக்களப்பில் புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தவர், இராமகிருஷ்ண மிஷன் துறவியானார். அதனால் அந்தப் பள்ளிக்கூடங்களுக்கு என்ன குறைந்துபோனது?

சரி, இப்போது செய்யவேண்டியது. காலை வசனத்தை இன்றோடு நிறுத்துங்கள். அலுவலகத்தில் இந்தப் பேச்சே வேண்டாம். ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், "அண்டைக்கு எனக்கு வயித்தில ஒண்டும் இல்லை, பொய் சொன்னனான்" என்று தொடங்குங்கள். பைபிள் பைக்குள்ளேயே இருக்கட்டும்.